புகையானைத் தாங்கும் நெல் ரகத்தைக் கண்டறிவதும் வயலில் காப்பதும்

ஒரே மடையில் பாயும் இரண்டு வயல்கள். இரண்டிலும் குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட செடிக்கொத்துக்கு) ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் புகையான், அதாவது செடியின் அடியில் சாறு குடிக்கும் பழுப்புத் தத்துப்பூச்சி. ஒன்று பத்து நாளில் வட்ட வட்டமாகக் காய்ந்து படுத்துவிடுகிறது. மற்றதில் அடியிலைகள் மஞ்சளானாலும் கதிர் வெளிவந்து, பால் பிடித்து, அறுவடை வரை நின்றுவிடுகிறது. இரண்டாவது வயலின் ரகத்தைப் 'புகையான் எதிர்ப்பு ரகம்' என்று சொல்லி அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கிப்போவார்கள். அது எதிர்ப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பூச்சி நன்றாகக் குடித்துப் பெருகியும் செடி சாகாமல் நின்றிருந்தால் அதற்குப் பெயர் தாங்குதிறன். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால்தான் எந்த ரகத்தை எங்கே, எப்படி நடுவது என்று முடிவெடுக்க முடியும். வீட்டுத் தோட்டத்தில் தொட்டி வைத்து இதைச் சோதிக்கும் முறையும், தாங்கும் ரகத்தை வயலில் காக்கும் முறையும் கீழே.

எதிர்ப்பு வேறு, தாங்குதிறன் வேறு

பூச்சியை எதிர்கொள்ளச் செடிக்கு மூன்று வழிகள் உண்டென்று அமெரிக்காவின் கான்சாஸைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரெஜினால்டு பெயின்டர் 1951-இல் வகுத்துச் சொன்னார். முதலாவது, பூச்சி அந்தச் செடியை விரும்பாமல் விலகிப்போவது. இரண்டாவது, குடிக்க வந்த பூச்சி வளராமல், முட்டையிடாமல், செத்துப்போவது. மூன்றாவது தாங்குதிறன்: பூச்சிக்கு ஒரு குறையும் இல்லை; சேதம் மட்டும் குறைவு.

முதல் இரண்டும் பூச்சியின் வயிற்றில் அடிப்பவை. அதனால் அந்தத் தடையைத் தாண்டும் பூச்சிகள் மட்டும் பிழைத்துப் பெருகும். சில ஆண்டுகளில் ரகம் தோற்றுவிடும். 1973-இல் வெளிவந்த ஐஆர் 26 ரகத்துக்கு இதுதான் நடந்தது. ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நம்பிய அந்த ரகத்தை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் புகையான் வென்றுவிட்டது. அடுத்து வந்த எதிர்ப்பு மரபணு நம் அம்பாசமுத்திரத்து ஏஎஸ்டி 7 ரகத்தில் கண்டறியப்பட்டது. அதையும் தாண்டும் பூச்சிகள் பின்னால் வந்தன.

தாங்கும் ரகம் பூச்சியை நெருக்குவதில்லை. ஆகவே அதை வெல்ல வேண்டிய கட்டாயமும் பூச்சிக்கு இல்லை. நீண்டகாலம் நிலைக்கும் என்று தாங்குதிறனை நம்புவதற்கு அடிப்படை இதுதான். ஆராய்ச்சிகளில் இதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி வரும் பெயர்கள் கேரளத்தின் திரிவேணியும் இந்தோனேசியாவின் உத்ரி ராஜபனும். ஆனால் பூச்சி குறையாது என்பதையும் மறக்கக் கூடாது. தாங்குதிறனின் பலமும் ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கின்றன.

குடிக்கும்போது செடிக்குள் என்ன நடக்கிறது

தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, இலையுறையில் தலை மேல்நோக்கி அமர்ந்திருக்கும் புகையான், ஊசிபோன்ற வாயை உள்ளே செலுத்தி, இலையில் தயாரான சர்க்கரையைக் கீழே கொண்டுபோகும் ஃபுளோயம் குழாயைத் தேடிப் பிடிக்கும். குத்திய பாதை நெடுக அதன் எச்சில் உறைந்து ஓர் உறையாக நிற்கும். பூச்சி நகர்ந்துபோன பிறகும் அந்த உறை அங்கேயே கிடந்து சாறு ஓடும் வழியை அடைக்கும்.

'சாற்றைக் குடித்ததால் செடி காய்ந்தது' என்பது பாதி உண்மைதான். மேலே தயாராகும் உணவு வேருக்குப் போய்ச் சேராததால் முதலில் பட்டினி கிடப்பது வேர். வேர் சோர்ந்தால் மண்ணிலிருந்து தழைச்சத்து ஏறுவது குறையும். அப்போது செடி தன் அடியிலைகளின் புரதத்தை உடைத்துக் குருத்துக்கு அனுப்பத் தொடங்கும். அடியிலை மஞ்சளாவது அதனால்தான். உடைந்த புரதம் அமினோ அமிலங்களாகச் சாற்றில் ஓடுவதால் பூச்சிக்குச் சாப்பாடு இன்னும் சத்தாகிவிடுகிறது. இந்தச் சுழல் ஆரம்பித்துவிட்டால் கருகுவது மிக வேகமாக நடக்கும். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் நான்கு நாளில் வைக்கோல் நிறமாகிவிட்டது என்று விவசாயிகள் சொல்வது மிகைப்பேச்சு அல்ல.

தாங்கும் ரகம் இந்தச் சுழலைத் தள்ளிப்போடுகிறது. மீதமுள்ள இலைகள் பச்சையத்தை இழக்காமல் ஒளிச்சேர்க்கையைத் தொடர்ந்து நடத்தும். பூக்கும் முன் தண்டிலும் இலையுறையிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழிக்கும். போன தூருக்கு (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுக்கு) பதில் புதுத் தூர் வெடிக்கும். பூச்சி தாக்கும்போது செல்லுக்குள் உண்டாகும் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் பொருள்களைப் பெராக்சிடேஸ் போன்ற நொதிகள் வேகமாக அப்புறப்படுத்தும். இவை எல்லாவற்றுக்கும் கையிருப்பு வேண்டும்: நல்ல வேர், போதுமான வெளிச்சம், சாம்பல்சத்து, ஓரளவு வயது. பத்து நாள் நாற்றுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. தாங்குதிறனைச் சோதிப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான்.

நாற்றுப் பெட்டிச் சோதனை ஏன் போதாது

ஆராய்ச்சி நிலையங்களில் வழக்கமாக நடப்பது நாற்றுப் பெட்டிச் சோதனை. ஒரு தட்டில் பல ரகங்களை வரிசையாக விதைத்து, தாங்காத ரகமான டிஎன் 1-ஐ ஓரங்களிலும், எதிர்ப்பு ரகமான பட்டாம்பி 33-ஐ நடுவிலும் வைத்து, 10 முதல் 12 நாள் நாற்றில் நாற்றுக்கு 6 முதல் 8 இளம்பூச்சிகளை விடுவார்கள். டிஎன் 1 நாற்றுகளில் 90 சதவீதம் செத்ததும் மற்றவற்றுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். நூற்றுக்கணக்கான ரகங்களைச் சல்லடையில் சலிப்பதுபோல் சலிக்க இது அருமையான முறை. ஆனால் இதில் தேறுவது பெரும்பாலும் எதிர்ப்பு ரகங்கள் மட்டுமே. வளர்ந்த பிறகு நன்றாகத் தாங்கக்கூடிய ரகம் இங்கே டிஎன் 1-உடன் சேர்ந்து செத்து, குப்பைக்குப் போய்விடும். பாரம்பரிய நெல் சேகரிப்பவர்கள் தங்கள் ரகம் நாற்றுச் சோதனையில் தோற்றது என்று கேட்டதும் கைவிட்டுவிடக் கூடாது. வளர்ந்த செடியில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

தொட்டிச் சோதனை

நான்கு ரகங்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று, உங்கள் பகுதியில் புகையானுக்கு முதலில் விழும் ரகமாக இருக்க வேண்டும். டிஎன் 1 கிடைக்காதவர்கள் பிபிடி 5204-ஐ வைத்துக்கொள்ளலாம். இந்த ஒப்பீட்டு ரகம் இல்லாமல் சோதனை செய்வது வீண் வேலை. பட்டாம்பி 33 விதை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

ரகத்துக்கு 10 தொட்டி. ஐந்தில் பூச்சி விடுவோம், ஐந்தில் விடமாட்டோம். பூச்சி இல்லாத ஐந்தைத் தவிர்த்துவிட்டு நேராக ரகங்களை ஒப்பிடுவதுதான் அதிகமாக நடக்கும் தவறு. இயல்பிலேயே வாளிப்பாக வளரும் ரகம், பூச்சி குடித்த பிறகும் குட்டை ரகத்தைவிடப் பெரிதாகத்தான் தெரியும். அது தாங்கியது என்று பொருளல்ல. ஒவ்வொரு ரகத்தையும் அதன் பூச்சி படாத இணையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

தொட்டிக்கு 5 கிலோ வயல் மண் பிடிக்க வேண்டும். சிறிய பிளாஸ்டிக் கப்பில் வைத்தால் வேர் சுருண்டு, ஈடுசெய்ய இடமில்லாமல் எல்லா ரகமும் ஒன்றுபோல் விழும். உரம் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு: யூரியா அரை கிராம், சூப்பர் பாஸ்பேட் 0.8 கிராம், பொட்டாஷ் 0.2 கிராம். இவ்வளவு சிறிய அளவைத் தொட்டிக்குத் தொட்டி நிறுக்க முடியாது. 40 தொட்டிக்கு 20 கிராம் யூரியாவையும் 8 கிராம் பொட்டாஷையும் 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து, தொட்டிக்கு 100 மில்லி ஊற்றுங்கள். சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் மண் நிரப்பும்போதே மொத்த மண்ணில் கலந்துவிடலாம். தொட்டிக்கு ஒரே நாற்று; விதைத்து 30 நாள் ஆனதும் பூச்சி விட வேண்டும்.

கூண்டுக்குக் கொசுவலை ஆகாது. முதல் பருவ இளம்பூச்சி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. கொசுவலைக் கண்ணில் தாராளமாக நுழைந்து வெளியே வந்துவிடும். நிழல்வலைக் கடைகளில் கிடைக்கும் 40 மெஷ் பூச்சிவலையை மூன்று குச்சி நட்டுக் கூம்புபோல் கட்டி, அடியைத் தொட்டியின் விளிம்பில் ரப்பர் பட்டையால் இறுக்குங்கள். பூச்சி இல்லாத தொட்டிகளுக்கும் அதே வலை வேண்டும். வலை வெளிச்சத்தைக் குறைக்கும். ஒரு பக்கம் மட்டும் வலை கட்டினால் அந்த நிழலின் பாதிப்பையும் பூச்சியின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அடுத்தது பூச்சி சேர்ப்பது. வயலில் பிடித்ததை அப்படியே விட்டால் சின்னதும் பெரியதும் கலந்திருக்கும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரே வயதுப் பூச்சி போக வேண்டும். அதற்கு, 40 நாள் வயதான தாங்காத ரகச் செடி சிலவற்றைக் கூண்டில் வைத்து, குட்டை இறக்கையும் பருத்த வயிறும் உள்ள பெண் பூச்சிகள் 20 முதல் 30 வரை விடுங்கள். மூன்றாம் நாள் அவற்றை எடுத்துவிடுங்கள். முட்டைகள் இலையுறைக்குள் சிறு கொத்துகளாகச் செருகப்பட்டிருக்கும். 7 முதல் 9 நாளில் பொரிக்கும். பொரித்து மூன்று நான்கு நாளானால் இரண்டாம் பருவ இளம்பூச்சிகள் தயார். பிடிக்கும்போதே வெண்முதுகு தத்துப்பூச்சி கலக்காமல் பாருங்கள்: அதன் முதுகில் இறக்கைகள் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். புகையான் உடல் முழுவதும் பழுப்பு.

பூச்சி விடும் நாளுக்கு முன்தினம், சோதனைச் செடிகளின் காய்ந்த வெளியுறைகளை உரித்து, அடிப்பகுதியைத் தண்ணீரால் கழுவுங்கள். சின்ன சிலந்தி ஒன்றோ, புகையான் முட்டையைக் குத்திக் குடிக்கும் பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சி ஒன்றோ உள்ளே தங்கிவிட்டால், அந்தத் தொட்டியில் பூச்சி பெருகாது. பிறகு அந்த ரகத்துக்கு 'எதிர்ப்பு' என்று தவறாகப் பெயர் வைத்துவிடுவோம். தொட்டிகளைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு ஏறாது. கூண்டுக்குள் 35 டிகிரிக்கு மேல் போனால் பூச்சிகள் சோர்ந்து சாகும். மதிய வெயில் நேராக விழாத, ஆனால் வெளிச்சமான இடம் தேவை.

தொட்டிக்கு 20 இளம்பூச்சிகள் விடுங்கள். மென்மையான தூரிகையால் தொட்டு எடுத்துச் செடியின் அடியில் விட வேண்டும். தண்ணீரில் கொட்டக் கூடாது. மறுநாள் காலை செத்துக் கிடப்பவற்றுக்கு மாற்று விடுங்கள். அதன்பின் செடியைத் தொடாமல் மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இலைகளுக்கு மதிப்பெண்: சேதமில்லை என்றால் 0, ஓர் இலை நுனி மஞ்சள் 1, அடியிரண்டு இலைகள் பாதி மஞ்சள் 3, தெளிவான மஞ்சளும் குன்றிய வளர்ச்சியும் 5, பாதிக்கு மேற்பட்ட தூர்கள் வாடல் 7, செத்தது 9. தாங்காத ரகத்தின் தொட்டிகள் 7-ஐத் தொடும் நாளில், எல்லா ரகங்களையும் அன்றே முடித்துவிட வேண்டும். 'இது இன்னும் நன்றாக இருக்கிறது, நாலு நாள் விடலாம்' என்று ஒரு ரகத்தை மட்டும் நீட்டினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

முடிக்கும் நாளில் செடியைக் கூண்டோடு பெரிய பிளாஸ்டிக் பையில் மூடி, சில துளி சோப்பு கலந்த தண்ணீர் உள்ள வெள்ளைத் தட்டில் தட்டி உதிர்த்து, பூச்சிகளை எண்ணுங்கள். பிறகு செடியை வேரோடு எடுத்து, சல்லடை மேல் வைத்து மண் போகக் கழுவி, காகிதப் பையில் போட்டுக் காயவையுங்கள். அடுப்பு உலர்கலம் இருந்தால் 70 டிகிரியில் மூன்று நாள். இல்லாவிட்டால் நல்ல வெயிலில் ஐந்தாறு நாள், இரண்டு நாள் தொடர்ந்து நிறுத்தும் எடை மாறாத நிலை வரும்வரை. வேரை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் நிறுக்காதீர்கள். தாங்குதிறனில் வேருக்கும் பங்கு உண்டு. 0.1 கிராம் காட்டும் தராசு போதும்.

கணக்குப் போடுவது

முதல் கணக்கு, செடியின் செயல் இழப்பு. பூச்சி பட்ட செடியின் உலர் எடையைப் பூச்சி படாத செடியின் உலர் எடையால் வகுங்கள். அதை, ஒன்றிலிருந்து மதிப்பெண்ணின் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து வரும் எண்ணால் பெருக்குங்கள். வருவதை 100-ஆல் பெருக்கி, 100-இலிருந்து கழியுங்கள். அதுதான் இழப்புச் சதவீதம்.

புரிவதற்காக மூன்று ரகங்களை எடுத்துக்கொள்வோம்; எண்கள் கணக்கை விளக்க வைத்துக்கொண்டவை.

'அ' ரகம் தாங்காதது. பூச்சி படாதது 8.0 கிராம், பட்டது 3.2 கிராம், மதிப்பெண் 7, எண்ணிய பூச்சி 180.

'ஆ' ரகம்: படாதது 9.0, பட்டது 7.2, மதிப்பெண் 3, பூச்சி 165.

'இ' ரகம்: படாதது 8.5, பட்டது 7.65, மதிப்பெண் 3, பூச்சி 40.

'அ'-வின் எடை விகிதம் 0.4, அதை 0.222-ஆல் பெருக்கினால் 0.089, இழப்பு 91 சதவீதம். 'ஆ'-வுக்கு 0.8-ஐ 0.667-ஆல் பெருக்க 0.533, இழப்பு 47. 'இ'-க்கு 0.9-ஐ 0.667-ஆல் பெருக்க 0.6, இழப்பு 40. இதோடு நிறுத்திவிட்டால் 'இ'தான் சிறந்த தாங்கும் ரகம் என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

இரண்டாவது கணக்கு, ஒரு பூச்சிக்கு எவ்வளவு இழப்பு. 'அ' இழந்த 4.8 கிராமை 180-ஆல் வகுத்தால் பூச்சிக்கு ஏறத்தாழ 27 மில்லிகிராம். 'ஆ' இழந்தது 1.8 கிராம், பூச்சிக்கு 11 மில்லிகிராம். 'இ' இழந்தது 0.85 கிராம்தான், ஆனால் அங்கே இருந்த பூச்சி 40 மட்டுமே. பூச்சிக்கு 21 மில்லிகிராம்! 'இ' தாங்கவில்லை, பூச்சியை வளரவிடாமல் தடுத்தது. அது எதிர்ப்பு ரகம். தடையைத் தாண்டும் பூச்சிகள் வந்து எண்ணிக்கை ஏறும் நாளில் அதுவும் 'அ'-வைப்போல் விழ வாய்ப்புண்டு. 'ஆ'-வில் பூச்சி தாங்காத ரகத்தின் அளவுக்கே, 180-க்கு 165, அதாவது 0.92 பங்கு பெருகியும் செடி நிற்கிறது. இந்த விகிதம் ஒன்றை ஒட்டி இருந்து, பூச்சிக்கான இழப்பு குறைவாக இருந்தால் அது அசல் தாங்குதிறன். ஆய்வுக்கூடத்தில் எண்ணிக்கைக்குப் பதில் பூச்சிகளின் உலர் எடையையே எடுப்பார்கள். அது இன்னும் துல்லியம். ஒரே ரகத்தில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதும் உண்டு. வயலுக்கு அத்தகைய ரகமே மிகவும் நல்லது.

ஒரே ரகத்தின் ஐந்து தொட்டிகளுக்குள் உள்ள வித்தியாசம் இரண்டு ரகங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் முடிவு எதுவும் எழுதாதீர்கள். அடுத்த பட்டத்தில் மறுபடி செய்யுங்கள்.

பூச்சி உண்மையிலேயே ஃபுளோயம் சாற்றைத்தான் குடித்ததா என்று உறுதிப்படுத்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஓர் எளிய வழி உண்டு. புரோமோகிரசால் பச்சைக் கரைசலில் நனைத்துக் காயவைத்த வடிதாளைச் செடியின் அடியில் விரித்து, சில மணி நேரம் பட்டினி போட்ட ஐந்து பெண் பூச்சிகளை ஒரு நாள் குடிக்கவிடுங்கள். ஃபுளோயம் சாறு குடித்த பூச்சியின் தேன்கழிவு விழுந்த இடத்தில் நீலப் புள்ளி தோன்றும். வெறும் தண்ணீர்க் குழாயில் குடித்திருந்தால் வெளிறிய புள்ளி. தாங்கும் ரகத்தின் தாளில் நீலம் நிறையவே இருக்கும். நீலம் மிகக் குறைவென்றால் அந்த ரகத்தை எதிர்ப்பு ரகத்தின் பக்கத்தில் எழுதுங்கள்.

வயலில்

தாங்குதிறன் விதையோடு வருவது பாதி. மீதியை வயல் தர வேண்டும்.

எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் (நடாமல் விடும் நடைபாதை) விட்டு நடுங்கள். இடம் வீணாகிறது என்று பட்டத்தை விடாமல் நடுபவர்கள் அடர்ந்த வயலில் வெளிச்சம் அடிவரை போகாது என்பதை யோசிப்பதில்லை. நிழலில் அடியிலைகள் சீக்கிரம் பழுக்கும். செடியின் கையிருப்பு குறையும். ஈரமும் நிழலும் புகையானுக்கு வீடாகும்.

யூரியா விஷயம் நுணுக்கமானது. தழைச்சத்து ஏறிய செடி கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதே தழைச்சத்து பூச்சியைப் பெருக்கும் வேகம் அதைவிடப் பல மடங்கு. லாபம் பூச்சிக்குத்தான் போகும். அதனால் பார்த்துப் பார்த்துப் போடுங்கள்: நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிடும் அட்டை) வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே போனால் மட்டும், சம்பா, தாளடியில் ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. மழைக்கு முன் பயந்து ஒரு மூட்டையை ஒரேயடியாக வீசும் வயல்களில்தான் முதல் வட்டம் விழுகிறது. பொட்டாஷை அடியுரத்தோடு முடித்துவிடாமல் மேலுரத்திலும் பிரித்துப் போடுங்கள். சாம்பல்சத்துக் குறைந்த செடியின் சாற்றில் அமினோ அமிலம் தேங்கும். அது பூச்சிக்கு விருந்து.

தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். வேர் மூச்சுவிடும், அடிப்பகுதி காயும். பூச்சி ஏறிவிட்டால் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் விடலாம். ஆனால் பூக்கும் நேரத்தில் மண் வெடிக்கவிடாதீர்கள். பூச்சி வேரைப் பட்டினி போட்டிருக்கும்போது வறட்சியும் சேர்ந்தால் எந்த ரகமும் தாங்காது.

வாரம் ஒருமுறை வயலின் குறுக்கே நடந்து 20 குத்துகளைப் பாருங்கள். குத்தைச் சாய்த்து அடியில் கையால் தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து நீந்தும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு என்பது மருந்து பற்றி யோசிக்க வேண்டிய எல்லை. 15 தூர் உள்ள குத்தில் சிலந்தியும் இருந்தால் 30 பூச்சி வரை பொறுக்கலாம் என்று பொருள். தாங்கும் ரகத்தில் எல்லையைத் தொட்ட அன்றே ஓட வேண்டாம். மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால், அல்லது அடியிரண்டு இலைகளைத் தாண்டி மஞ்சள் மேலேறினால், தயங்க வேண்டாம். பொதி பிடிக்கும் (இலையுறைக்குள் கதிர் திரளும்) காலத்திலிருந்து பால் பிடிக்கும் வரை இந்தத் தாமதத்தைக்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள். செடி சேர்த்துவைத்ததை நெல்மணிக்கு அனுப்பும் நேரம் அது. ஈடுசெய்ய மிச்சம் இருக்காது.

மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் பைரித்ராய்டு வகைகளையும் குயினால்பாஸையும் தொடாதீர்கள். அவை சிலந்தியையும் மிரிட் பூச்சியையும் கொல்லும். இலையுறைக்குள் இருக்கும் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரத்தில் பொரித்து வரும் இளம்பூச்சிகளுக்கு எதிரி இல்லாத வயல் கிடைக்கும். எண்ணிக்கை முன்பைவிடப் பல மடங்காகும். இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்ததற்குக் காரணம் இதுதான். தொடக்கத்திலேயே என்றால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் போதும். மிஞ்சிவிட்டால் பைமெட்ரோசின் 50 சதவீத, நீரில் கரையும் குருணை ஏக்கருக்கு 120 கிராம். தண்ணீரை வடித்துவிட்டு, பட்டத்தின் வழியே நடந்து, நாசிலைத் தாழ்த்தி, செடியின் அடியில் படும்படி அடியுங்கள். மேலிலையில் அடித்த மருந்து பூச்சியைப் போய்ச் சேராது. பைமெட்ரோசின் பட்ட பூச்சி உடனே சாகாது. குடிப்பதை உடனே நிறுத்திவிட்டுச் சில நாள் உயிரோடு உட்கார்ந்திருக்கும். மறுநாள் பூச்சி அப்படியே இருக்கிறது என்று இன்னொரு மருந்தை அடித்துப் பணத்தையும் சிலந்தியையும் இழக்காதீர்கள். ஏழாம் நாள் எண்ணிப் பாருங்கள்.

தாங்குதிறனை நம்பக் கூடாத இடம்

பூச்சி வைரஸைச் சுமந்து வந்தால் கணக்கு முழுக்க மாறிவிடும். புகையான் பரப்பும் நெல் குட்டை நோய்களில் செடி புல்போல் தூர்வெடித்தோ, இலை விளிம்பு கிழிந்து முறுக்கியோ நிற்கும். கதிர் சரியாக வராது. ஒரு பூச்சி சிறிது நேரம் குடித்தாலே போதும், நோய் ஏறிவிடும். நூறு பூச்சியைத் தாங்கும் செடிக்கும் இதில் பாதுகாப்பு இல்லை. பூச்சியை நிறையப் பெருகவிடுவதால் தாங்கும் ரகம் நோயை வேகமாகப் பரப்பவும் செய்யும். அத்தகைய குத்துகள் தென்பட்டால் பொறுத்துப் பார்க்கும் எல்லைகளை மறந்துவிட்டு, குத்தைப் பிடுங்கிப் புதைத்து, பூச்சியைக் குறையுங்கள். அதே காரணத்தால் உளுந்திலும் வெண்டையிலும் மரவள்ளியிலும் வெள்ளை ஈயைத் 'தாங்கும்' ரகம் தேடுவதில் பயனில்லை. அங்கே தேவை மஞ்சள் தேமல், நரம்பு வெளிறல், தேமல் நோய்களுக்கு எதிர்ப்பு உள்ள ரகம்தான்.

பக்கத்து வயலையும் பாருங்கள். உங்கள் ரகம் நின்றுவிடும். ஆனால் கதிர் பழுக்கத் தொடங்கியதும் உங்கள் வயலில் பெருகிய நீண்ட இறக்கைப் பூச்சிகள் பறந்துபோய், இளம்பயிராக நிற்கும் பிந்திய தாளடியில் இறங்கும். அங்கே பிபிடி 5204 நின்றால் பறிபோவது அந்த விவசாயியின் வீட்டுச் சோறு. அதனால் ஒரு மடைக்காரர்கள் பத்துப் பதினைந்து நாள் இடைவெளிக்குள் நடவை முடித்துக்கொள்ளுங்கள். பழுக்கும் முன் ஒருமுறை எண்ணி, தூருக்கு இரண்டுக்கு மேல் இருந்தால் பக்கத்து வயல்காரரிடம் சொல்லுங்கள். அறுத்த கையோடு தாளை மடக்கி உழுதுவிடுங்கள். வெட்டிய தாளில் துளிர்க்கும் பச்சை பூச்சியையும் வைரஸையும் அடுத்த நாற்றங்கால் வரை உயிரோடு வைத்திருக்கும்.